பழைய கிரெடிட் கார்டு கடனுக்காக அமெரிக்காவில் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்களா? நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

மளிகைக் கடை வரிசையில் நிற்கும்போது டெபிட் கார்டு ஏறவில்லை. ஆப்பைத் திறந்தால், நேற்று 4,600 டாலர் இருந்த செக்கிங் கணக்கில் இன்று எடுக்கக்கூடிய தொகை சைபர். பக்கத்தில் ‘லீகல் ஹோல்டு’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே வங்கியின் கட்டணம் தனியாக. வங்கியைக் கூப்பிட்டால் ஒரு வக்கீல் அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்து அங்கே கேட்கச் சொல்கிறார்கள். அந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். பல வருஷத்துக்கு முன் கட்டாமல் நின்றுபோன ஒரு கார்டு. வேலை போய் ஊர் திரும்பியபோது அப்படியே விட்டுவிட்டுப் போனதாக இருக்கலாம், மருத்துவச் செலவில் தேங்கியதாக இருக்கலாம். கார்டு கொடுத்த வங்கி அதை வாராக்கடனாக எழுதி, கடன்களை மொத்தமாக விலைக்கு வாங்கி வசூலிக்கும் நிறுவனத்துக்கு விற்றது. அந்த நிறுவனம் உங்கள் பழைய முகவரிக்கு சம்மன் அனுப்பியதாகக் கோர்ட்டில் சொல்லி, நீங்கள் வராததால் ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிட்டது. 2018-க்குப் பிறகு சிவில் தீர்ப்புகள் மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களின் ரிப்போர்ட்டிலும் வருவதில்லை. ஸ்கோர் 760 இருப்பவருக்கும் தன் பெயரில் ஒரு தீர்ப்பு கிடப்பது தெரியாமல் போவது அதனால்தான்.

இந்த நிலையில் கையில் நான்கு வழிகள் உண்டு: முடக்கப்பட்ட பணத்துக்கு விலக்கு கோருவது, தீர்ப்பையே ரத்து செய்யக் கோருவது, பேசித் தீர்ப்பது, திவால் மனு போடுவது. எது நல்லது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்தால் எது கெட்டுப்போகும் என்பதைத் தெளிவாகவே சொல்லலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். தமிழர்கள் அதிகம் வாழும் நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா, டெக்சாஸ் ஆகிய நான்கையும் வைத்தே கீழே எழுதியிருக்கிறோம்.

## வழியைத் தேர்வதற்கு முன், முதல் மூன்று நாளில்

வங்கியில் ‘லீகல் ஆர்டர்ஸ்’ பிரிவைக் கேட்டு, அவர்களுக்கு வந்த உத்தரவின் நகலை வாங்குங்கள். அதில் கோர்ட்டின் பெயர், கவுன்டி, வழக்கு எண், தீர்ப்புத் தேதி, தொகை எல்லாம் இருக்கும். அந்த எண்ணை வைத்துக் கோர்ட் கிளார்க்கிடம் முழுக் கோப்பையும் கேளுங்கள். உங்களுக்கு முக்கியமான தாள்கள் மூன்று: வழக்கு மனு, சம்மன் கொடுத்ததாக அதைக் கொண்டுவந்தவர் செய்த சத்தியப் பிரமாணம், தீர்ப்பு.

வங்கியிலிருந்து தபாலில் வரும் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். நியூயார்க்கில் உங்கள் 20 நாள் கெடு அந்தக் கவரில் விழுந்திருக்கும் தபால் முத்திரைத் தேதியிலிருந்து ஓடுகிறது.

சம்பளம் அதே கணக்கில் விழுவதை உடனே நிறுத்தி, வேறு வங்கியில் உங்கள் பெயரிலேயே புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். இது குற்றமில்லை. பணத்தை மச்சான் பெயருக்கு மாற்றுவதும், அவசரமாக ஊருக்கு அனுப்பிவிடுவதும் வேறு விஷயம். கடன்காரருக்கு (அதாவது கடனை வசூலிப்பவருக்கு) எட்டாமல் மறைத்ததாக அது பிறகு எழும். திவால் பகுதியில் அதன் விலை என்ன என்று பார்ப்போம்.

முடக்கிய வங்கியே அந்தக் கார்டைக் கொடுத்த வங்கியா என்றும் பாருங்கள். இந்தியாவில் கார்டு பாக்கிக்காக அதே வங்கி உங்கள் சேமிப்புக் கணக்கில் கை வைப்பது பழகிப்போன விஷயம். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்கிறது. கார்டு பாக்கியை வங்கி தன் இஷ்டத்துக்கு உங்கள் டெபாசிட்டிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. தீர்ப்பு வாங்கி எல்லோரையும் போல அமலாக்க வேண்டும், அல்லது மாதாமாதம் தானாகக் கட்ட நீங்கள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையில்லை. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுத்து, வங்கியிடம் எழுத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

கெடு எத்தனை நாள், பணம் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும், கடன் அடியோடு ஒழியுமா அல்லது அடுத்த மாதம் மறுபடி வருவார்களா, மொத்தச் செலவு என்ன. இந்த நான்கையும் எல்லோரும் கேட்பார்கள். பலர் கேட்க மறப்பது ஐந்தாவதை: இந்த வழியில் ஓர் அடி வைத்தால் இன்னொரு வழி அடைபடுமா? அதிகமானோர் கையைச் சுட்டுக்கொள்வது அதில்தான்.

| | விலக்கு கோருதல் | தீர்ப்பை ரத்து செய்தல் | பேசித் தீர்த்தல் | திவால் மனு |
|---|---|---|---|---|
| கெடு | மிகக் குறுகியது. சுமார் 15 முதல் 20 நாள் | காரணத்தைப் பொறுத்து 6 மாதம், 1 வருஷம், சில காரணங்களுக்குக் கெடுவே இல்லை | பணம் கைமாறும் முன் | பணம் கைமாறும் முன் போட்டால் நல்லது |
| பணம் விடுபட | ஒன்று முதல் நான்கு வாரம் | இடைக்கால உத்தரவு கிடைத்தால் சில நாள், இல்லையேல் மாதங்கள் | கையெழுத்தான சில நாளில் | பிடிப்பு மனு போட்ட அன்றே நிற்கும். விடுவிப்புக்குக் கூடுதல் நாள் |
| கடன் ஒழியுமா | ஒழியாது | வழக்கு புதிதாகத் தொடங்கும். ஜெயித்தால் ஒழியும் | ஒழியும் | ஒழியும், மற்றக் கார்டுகளோடு சேர்த்து |
| நேரடிச் செலவு | தபால் செலவு | மனுக் கட்டணம், தேவைப்பட்டால் வக்கீல் | ஒப்புக்கொண்ட தொகை | சாப்டர் 7-க்கு (தவணையில்லாத திவால் மனு) 338 டாலர், வக்கீல் தனி |
| மறைந்த செலவு | மறுபடி முடக்கம் | தோற்றால் வட்டி கூடும் | வரிப் படிவம், 5 சதவீத அமலாக்கக் கூலி | ஊர்ச் சொத்து, நகை, உறவினர் கைமாற்று |
| மற்ற வழிகளை அடைக்குமா | அடைக்காது | அடைக்காது | ரத்து கோரும் வழியை அடைக்கும் | மற்றவை பெரும்பாலும் தேவைப்படாது |

## வழி 1: விலக்கு கோருதல்

கணக்கில் இருப்பது எந்தப் பணம் என்பதுதான் இங்கே கேள்வி. கடன் சரியா தவறா என்ற பேச்சே எழாது.

சோஷியல் செக்யூரிட்டி, எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்த முதியோர், ஊனமுற்றோருக்கான உதவித்தொகை), முன்னாள் ராணுவத்தினர் உதவித்தொகை போன்ற கூட்டாட்சிப் பணம் நேரடி டெபாசிட்டாக வந்திருந்தால், 2011 மே 1 முதல் நடப்பில் உள்ள கருவூல விதிப்படி வங்கியே முன்வந்து காக்க வேண்டும். கடந்த இரண்டு மாதத்தில் அப்படி எவ்வளவு வந்தது என்று வங்கி கூட்டிப் பார்த்து, அந்த அளவுக்கு உங்கள் கையில் விட வேண்டும். அதன் மீது கட்டணமும் பிடிக்கக் கூடாது. காகிதச் செக்காக வாங்கிப் போட்டிருந்தால் இந்தத் தானியங்கிப் பாதுகாப்பு கிடையாது, நீங்களே கோர வேண்டும். கிரீன் கார்டில் வந்து எஸ்எஸ்ஐ வாங்கும் பெற்றோரோடு கூட்டுக் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகள் இதை முதலில் பார்க்கவும்.

சம்பளத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் பெரிது.

நியூயார்க்கில் குறைந்தபட்ச மணிக்கூலியின் 240 மடங்கை யாரும் தொட முடியாது. நகரில் 2026-ல் மணிக்கு 17 டாலர், ஆக 4,080 டாலர். அதே சமயம் கடன்தொகையைப் போல இரண்டு மடங்கு வரை முடக்கவும் அங்கே சட்டம் இடம் தருகிறது. ஓர் உதாரணம்: தீர்ப்புத் தொகை 3,250 டாலர், கணக்கில் 9,400. முதல் 4,080 உங்கள் கையில் நிற்கும். மீதி 5,320 முழுவதையும் வங்கி பிடித்து வைக்கலாம், ஏனென்றால் வரம்பு 6,500. கடன் 3,250 தானே, 5,320 ஏன் என்று வங்கியில் சண்டை போட்டுப் பயனில்லை. அந்த 5,320-ல் கடந்த 60 நாள் சம்பளமாக வந்த பகுதிக்கு 90 சதவீத விலக்கு உண்டு. கோர வேண்டியது அதைத்தான். வங்கி அனுப்பும் இரண்டு படிவங்களையும் நிரப்பி, ஒன்றை வங்கிக்கும் மற்றதைக் கடன்காரரின் வக்கீலுக்கும் 20 நாளுக்குள் அனுப்புங்கள். எட்டு நாளில் அவர்கள் கோர்ட்டில் ஆட்சேபிக்காவிட்டால் வங்கி விடுவித்தாக வேண்டும். சம்பள ஸ்லிப்பையும் ஸ்டேட்மென்ட்டையும் படிவத்தோடேயே இணைத்தால் ஆட்சேபனைக்கு இடம் குறையும்.

கலிபோர்னியாவில் ஒரு சிறு தொகை தானாகக் காக்கப்படும். 2,000 டாலருக்குச் சற்று மேல், ஜூலை தோறும் மாறும். அதற்கு மேல் வேண்டுமானால் இஜே-160 என்ற படிவத்தை ஷெரிஃப் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கையில் கொடுக்கப்பட்டால் 15 நாள், தபாலில் வந்தால் 20 நாள்.

டெக்சாஸ் பலரை ஏமாற்றும் மாநிலம். அங்கே கார்டு கடனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கவே முடியாது என்று கேட்டுப் பழகியிருப்பீர்கள். அது முதலாளி கையில் சம்பளம் இருக்கும் வரைதான். கணக்கில் விழுந்த நிமிஷமே அது வெறும் பணம், பிடிக்கலாம். நியூ ஜெர்சியிலும் நிலைமை மோசம். பொது விலக்கு 1,000 டாலர் மட்டுமே. ஆனால் அங்கே பிடித்த பணத்தைக் கடன்காரர் எடுத்துக்கொள்ள இன்னொரு மனு போட்டு நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். அந்த இடைவெளி உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். இரண்டாவது வழிக்கு அது உதவும்.

இந்த வழி எங்கே சறுக்குகிறது? கலந்த பணத்தில். சம்பளத்தோடு நண்பர் அனுப்பிய வாடகைப் பங்கு, ஊரிலிருந்து அப்பா அனுப்பிய தொகை, பங்கு விற்ற பணம் எல்லாம் ஒரே கணக்கில் ஓடினால், இருக்கிற இருப்பில் எவ்வளவு சம்பளம் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று எழுதி, செலவுகளைத் தேதி வரிசையில் கழித்துக் காட்டுங்கள். உழைப்புதான், ஆனால் அந்த ஒரு தாள் இல்லாமல் போகிற கோரிக்கைகளே அதிகம் தோற்கின்றன.

யாருக்கு ஏற்றது: கணக்கில் பெரும்பகுதி சமீபத்துச் சம்பளமோ அரசு உதவித்தொகையோ ஆக இருப்பவருக்கு. வேறு எந்த வழியை எடுப்பவரும் இதையும் கூடவே செய்யலாம். இதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை, மற்ற எதையும் இது கெடுப்பதில்லை.

## வழி 2: தீர்ப்பை ரத்து செய்யக் கோருதல்

‘எட்டு வருஷப் பழைய கடன், காலாவதியாகிவிட்டதே’ என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் ஓர் ஓட்டை இருக்கிறது. காலவரம்பு வழக்குப் போடுவதற்குத்தான். கலிபோர்னியா, டெக்சாஸில் 4 வருஷம், நியூ ஜெர்சியில் 6, நியூயார்க்கில் 2022 ஏப்ரல் 7 முதல் 3. தீர்ப்பு ஒருமுறை வந்துவிட்டால் அதன் ஆயுள் தனி: நியூயார்க், நியூ ஜெர்சியில் 20 வருஷம், கலிபோர்னியாவில் 10, புதுப்பிக்கவும் முடியும். காலாவதியான கடனுக்கு வாங்கிய தீர்ப்பு என்றாலும், நீங்கள் அன்று போய் அதைச் சொல்லாததால் தீர்ப்பு நிற்கிறது. தீர்ப்பை உடைத்தால் மட்டுமே கடனின் வயது பேசும்.

உடைக்க இரண்டு பாதைகள்.

முதலாவது, சம்மன் சட்டப்படி உங்களுக்குக் கொடுக்கப்படவே இல்லை, ஆகவே கோர்ட்டுக்கு உங்கள் மீது அதிகாரமே வரவில்லை என்பது. நியூயார்க்கில் இந்தக் காரணத்துக்குக் கெடு கிடையாது. இரண்டாவது, சம்மன் வந்தது, ஆனால் வராமல் போனதற்கு நியாயமான காரணமும் வழக்கில் சொல்ல நல்ல எதிர்வாதமும் இருக்கின்றன என்பது. இதற்கு நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் பொதுவாக ஒரு வருஷம், கலிபோர்னியாவில் ஆறு மாதம். பழைய கடனில் இரண்டாவது பாதை பெரும்பாலும் மூடியிருக்கும். எனவே முதலாவதில்தான் கவனம்.

சம்மன் கொடுக்காமலேயே கொடுத்ததாகச் சத்தியம் செய்வது அமெரிக்காவில் பழைய நோய். சம்மனைச் சாக்கடையில் போடுவது என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரே உண்டு. 2009-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆண்ட்ரூ குவோமோ, இப்படி வாங்கிய சுமார் ஒரு லட்சம் தீர்ப்புகளை ரத்து செய்யக் கோரி வழக்கே தொடுத்தார். ஆகவே நீதிபதிகளுக்கு இந்த வாதம் புதிதல்ல. ஆனால் “எனக்கு வரவில்லை” என்று ஒரு வரி மட்டும் எழுதினால் போதாது. சம்மன் கொடுத்தவரின் சத்தியப் பிரமாணம் முதல் பார்வையில் உண்மை என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அதை ஒவ்வொரு விவரமாக உடைக்க வேண்டும்.

அந்தத் தாளை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். தேதி, நேரம், முகவரி, யார் கையில் கொடுத்தார் என்ற பெயர், அவருடைய வயது, உயரம், எடை, முடி நிறம் எல்லாம் இருக்கும். “பழுப்பு முடி, 5 அடி 4 அங்குலம், 50 வயது, உடன் வசிப்பவர்” என்று இருக்கிறது. அந்தத் தேதியில் நீங்கள் தனியாக இருந்தீர்கள் என்றால் வாடகை ஒப்பந்தம் அதைக் காட்டும். முகவரியே பழையது என்றால், புது வீட்டின் வாடகை ஒப்பந்தம், மின்சார பில், அந்த வருஷத்து டபிள்யூ-2, ஓட்டுநர் உரிமம் மாற்றிய தேதி.

அன்று இந்தியாவில் இருந்தீர்களா? பாஸ்போர்ட்டில் சென்னை விமான நிலையக் குடியேற்ற முத்திரையைத் தேடுங்கள். விசாவில் இருப்பவர்கள் ஐ-94 இணையதளத்தில் கடந்த 10 வருஷப் போக்குவரத்தைப் பதிவிறக்கலாம். உங்கள் கையிலேயே கொடுத்ததாக எழுதியிருந்தால் இந்த ஒரு தாளே அந்தச் சத்தியப் பிரமாணத்தை உடைத்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஒரு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தீர்கள், வீடு உங்கள் பெயரில் இருந்தது, அங்கே இருந்த கணவர் அல்லது மனைவி கையில் கொடுத்துத் தபாலிலும் அனுப்பினார்கள் என்றால் அது செல்லுபடியான சம்மன். அன்று நீங்கள் ஊரில் இருந்ததால் மட்டும் அது செல்லாமல் போகாது. வீட்டைக் காலி செய்துவிட்டு நிரந்தரமாகத் திரும்பியிருந்தால் கதை வேறு. அதற்கு ஊரில் வேலைக்குச் சேர்ந்த கடிதமும் வாடகை வீட்டைக் காலி செய்த கடிதமும் வேண்டும்.

நியூயார்க் நகர சிவில் கோர்ட்டில் இதற்கு ‘ஆர்டர் டு ஷோ காஸ்’ என்ற படிவம் கிளார்க்கிடமே கிடைக்கும். அதிலேயே விசாரணை முடியும் வரை பணத்தை எடுக்கத் தடை கேளுங்கள். பெட்டியில் டிக் செய்யாமல் விட்டால் வழக்கு நடக்கும்போதே பணம் போய்விடும். டெக்சாஸில் முடக்கத்தைக் கலைக்கவோ குறைக்கவோ விதி 664ஏ-யின் கீழ் மனு போட்டால் 10 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும்.

ரத்தானால் வழக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பதில் மனுவில் காலவரம்பை மறக்காமல் எழுதுங்கள், எழுதாவிட்டால் கைவிட்டதாகிவிடும். நியூயார்க்கில் 2022-க்கு முந்தைய வழக்குகளுக்கு 6 வருஷ வரம்பு என்றாலும், கார்டு கொடுத்த வங்கி டெலவேரில் இருந்தால் அந்த மாநிலத்தின் 3 வருஷ வரம்பே பொருந்தும் என்று மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்திருக்கிறது. இங்கே ஒரு கண்ணியும் உண்டு. கலிபோர்னியாவின் 351-ஆம் பிரிவு போன்ற விதிகளால், நீங்கள் மாநிலத்தை விட்டு வெளியே இருந்த வருஷங்கள் காலக்கணக்கில் சேராமல் போகலாம். ஐந்து வருஷம் சென்னையில் இருந்தவர் இதை வக்கீலிடம் கேட்காமல் காலவரம்பை நம்பி இறங்கக் கூடாது.

காலவரம்பு கைகொடுக்காவிட்டாலும் இன்னொரு பலம் இருக்கிறது. கடனை விலைக்கு வாங்கியவர் முதல் வங்கியிலிருந்து தன் கைக்கு வரும்வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தாள் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே எக்செல் கோப்பாக வாங்கியவர்களிடம் உங்கள் கணக்குக்கான தாள் பல நேரம் இருப்பதில்லை. எதிர்த்து நின்றதுமே வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு, காரணம் இதுதான்.

மறைந்த செலவு நேரம். இரண்டு மூன்று வாய்தாவுக்கு லீவு போட வேண்டும். தோற்றால் வட்டி ஏறியிருக்கும், ஆனால் நியூயார்க்கில் நுகர்வோர் கடன் தீர்ப்புக்கு 2022 ஏப்ரல் 30 முதல் வட்டி வருஷத்துக்கு 2 சதவீதம்தான், அதற்கு முன் 9. இந்த விகிதத்தில் எதிர்த்துப் பார்ப்பதில் பெரிய நஷ்டமில்லை. நகரில் கிளாரோ போன்ற இலவசச் சட்ட உதவி மையங்களில் மனுவை எழுதிக்கொடுக்கவும் உதவுவார்கள்.

யாருக்கு ஏற்றது: சம்மன் தவறான முகவரிக்குப் போயிருப்பவருக்கு, தன் கடனே இல்லாதவருக்கு, தொகை கொஞ்சம் பெரிதாக இருப்பவருக்கு. எங்கள் கருத்தில், சத்தியப் பிரமாணத்தைப் பார்க்காமல் யாரும் மூன்றாவது வழிக்குப் போகக் கூடாது.

## வழி 3: பேசித் தீர்த்தல்

வேகம் வேண்டுமென்றால் இதுதான். வாடகை தேதி நெருங்குகிறது, காக்க வேண்டிய பணமும் அதிகமில்லை, சம்மனும் சரியாகத்தான் வந்திருக்கிறது என்றால் இதில் தவறில்லை.

ஆனால் விளம்பரங்களில் சொல்வதுபோல் பாதிக்குப் பாதி தள்ளுபடி எதிர்பார்க்காதீர்கள். பணம் ஏற்கெனவே அவர்கள் பிடியில் இருக்கிறது, குறைக்க அவர்களுக்கு என்ன அவசரம்? விலக்குக் கோரிக்கை போட்டு அதில் பெரும்பகுதி வெளியே வரப்போகிறது என்று தெரிந்த பிறகு பேசினால் அதே வக்கீல் அலுவலகம் வேறு தொகை சொல்லும். ரத்து மனு விசாரணைக்கு நிற்கும் நாளில், கோர்ட் தாழ்வாரத்தில் பேசினால் இன்னும் குறையும். அதனால் வழி 1-ம் 2-ம் முதலில், பேச்சு பிறகு.

போனில் “நல்லெண்ணத்துக்கு இப்போதைக்கு ஒரு 50 டாலர் போடுங்கள்” என்பார்கள். போடாதீர்கள். தீர்ப்பை அறிந்து பணம் கட்டியவர் சம்மன் வரவில்லை என்று பிறகு சொல்வதை நீதிபதிகள் ஏற்கத் தயங்குவார்கள். அதைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வதும் உண்டு. தீர்ப்பே இல்லாத பழைய கடன் என்றால் சில மாநிலங்களில் அந்த ஐம்பது டாலரில் காலவரம்பு புதிதாகத் தொடங்கும்.

ஒப்பந்தம் எழுத்தில் வந்த பிறகே பணம். அதில் இருக்க வேண்டியவை: வழக்கு எண், தொகை, இது முழு நிலுவைக்குமான தீர்வு என்ற வாசகம், வங்கிக்கு விடுவிப்பு உத்தரவை இத்தனை நாளில் அனுப்புவோம் என்ற உறுதி, தீர்ப்பு நிறைவேறியதாகக் கோர்ட்டில் பதிவு செய்வோம் என்ற உறுதி. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் தீர்ப்பு கோர்ட் ஏட்டில் உயிரோடு கிடக்கும். மூன்று வருஷம் கழித்து இன்னொரு நிறுவனம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரும். பணத்தைக் கேஷியர் செக்காகக் கொடுங்கள். புதுக் கணக்கின் எண்ணைக் கொடுத்து அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னால் அடுத்த முடக்கத்துக்கு நீங்களே வழி காட்டியதாகும்.

மறைந்த செலவுகள் இரண்டு. நியூயார்க் நகரில் மார்ஷல் (தீர்ப்பை அமலாக்கும் அதிகாரி) கணக்கைப் பிடித்த பிறகு தீர்த்தால் அவருடைய 5 சதவீதக் கூலி யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தலையில் விழும். இரண்டாவது வரி. தள்ளுபடியான தொகை 600 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் 1099-சி படிவம் வரலாம், அது வருமானம். அந்த நேரத்தில் உங்கள் கடன்கள் சொத்துக்களை விட அதிகமாக இருந்தால் படிவம் 982 மூலம் விலக்குப் பெறலாம். சொத்துக் கணக்கில் ஊர் மனையும் சேரும்.

தீர்ப்பதற்காக 401கே-யிலிருந்து கடன் எடுப்பதைத் தவிர்க்கவே சொல்வோம். கார்டு கடனுக்காக யாராலும் தொட முடியாத பணம் அது.

## வழி 4: திவால் மனு

ஒரே ஒரு 5,000 டாலர் தீர்ப்புக்காக இதைச் செய்ய வேண்டியதில்லை. ஆறு கார்டு, மருத்துவ பில், இன்னும் இரண்டு வழக்கு வரிசையில் நிற்கிறது என்றால் கணக்கு மாறுகிறது. மனு பதிவான நிமிஷமே எல்லா வசூலும் நிற்க வேண்டும். அதற்குத் தனியாக நீதிபதி உத்தரவு தேவையில்லை. முந்தைய 90 நாளில் 600 டாலருக்குக் குறையாமல் பிடித்திருந்தால் அதைத் திரும்ப வாங்கவும் வழி இருக்கிறது. குடியுரிமை தேவையில்லை, அமெரிக்காவில் வசிப்பவரோ சொத்து உள்ளவரோ போடலாம். சாப்டர் 7 சுமார் நான்கு மாதத்தில் முடியும். குடும்ப வருமானம் மாநில நடுமட்டத்துக்கு மேல் இருந்து தகுதிக் கணக்கிலும் தேறாவிட்டால் சாப்டர் 13, மூன்று முதல் ஐந்து வருஷத் தவணை. ஐடி வேலையில் இருவர் சம்பாதிக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் சாப்டர் 7 கிடைக்காது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் மறைந்த செலவு பிறரை விட அதிகம், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உலகத்தில் எங்கிருந்தாலும் சொத்தைக் காட்ட வேண்டும். தாம்பரத்தில் வாங்கிப் போட்ட மனை, அப்பா காலமானபின் இன்னும் பாகம் பிரிக்காத ஊர் வீட்டில் உங்கள் பங்கு, என்ஆர்இ டெபாசிட், எல்ஐசி பாலிசி எல்லாமே. ஊர் நிலத்தை அமெரிக்க டிரஸ்டி (திவால் வழக்கில் சொத்தைக் கையாள நியமிக்கப்படுபவர்) எப்படி விற்பார் என்று கேட்டு மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைத்தது தெரிந்தால் கடன் விடுதலை மறுக்கப்படும். அது கூட்டாட்சிக் குற்றமும் கூட, ஐந்து வருஷம் வரை சிறை.

நகை. கூட்டாட்சி விலக்குப் பட்டியலில் 2025 ஏப்ரல் முதல் நகைக்கு 2,125 டாலர். லாக்கரில் இருக்கும் 30 பவுன் கல்யாண நகையை வைத்து இதைப் பாருங்கள். வீட்டு விலக்கைப் பயன்படுத்தாதவர்களுக்கு வேறு பொது விலக்கில் இன்னும் பல ஆயிரம் டாலர் சேர்க்க இடமுண்டு, ஆனால் அதுவும் போதாமல் போகலாம். நகை யாருடையது, மனைவியின் தனிச் சொத்தா, மனு யார் பெயரில் என்பதை மனுவுக்கு முன்பே வக்கீலோடு பேச வேண்டும்.

கைமாற்று. கடந்த ஒரு வருஷத்துக்குள் அண்ணனிடமோ மச்சானிடமோ சித்தப்பாவிடமோ வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அதைப் படிவத்தில் எழுத வேண்டும், டிரஸ்டி அதை அவரிடமிருந்தே திரும்பக் கேட்கலாம். இரண்டு வருஷத்துக்குள் ஒருவருக்கு மொத்தம் 600 டாலருக்கு மேல் அன்பளிப்பாகக் கொடுத்ததும் எழுத வேண்டும்; தங்கை கல்யாணத்துக்கு அனுப்பிய பணம் அதில் வரும். வழக்கமாக அம்மாவுக்கு மாதம் அனுப்பும் தொகையையும் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். முடக்கம் வந்தபின் அவசரமாகப் பெயர் மாற்றியவர்களின் நிலைதான் மிக மோசம்.

கிரெடிட் ரிப்போர்ட்டில் சாப்டர் 7 பத்து வருஷம் நிற்கும். சொந்த வீடு இருந்து தீர்ப்பு அதன் மீது பற்றுரிமையாக (லியன்) பதிவாகியிருந்தால், கடன் விடுதலை மட்டும் அதைக் கழற்றாது. தனி மனு போட்டுக் கழற்ற வேண்டும். இதை மறந்து, பல வருஷம் கழித்து வீட்டை விற்கும் நாளில் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

## எந்த நிலையில் எது

கணக்கில் இருப்பது முழுக்கச் சமீபத்துச் சம்பளம், நியூயார்க்கில் வசிக்கிறீர்கள்: வழி 1 உடனே, கோப்பு கைக்கு வந்தபின் வழி 2.

டெக்சாஸ் அல்லது நியூ ஜெர்சி, பெரிய விலக்கு ஏதுமில்லை, சம்மன் நீங்கள் காலி செய்துவிட்ட வீட்டுக்குப் போயிருக்கிறது: நேரே வழி 2, இடைக்காலத் தடையோடு.

சம்மன் சரியாக வந்தது, கடனும் உங்களுடையது, தொகை சிறியது, வேறு கடன் இல்லை: வழி 3.

மொத்தக் கடன் வருஷ வருமானத்தை நெருங்குகிறது, ஊரில் சொத்து இல்லை: வழி 4-ஐப் பற்றி வக்கீலிடம் இந்த வாரமே பேசுங்கள். ஊரில் சொத்து இருந்தால் அதே வக்கீலிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கணக்கு கணவன் மனைவி கூட்டுக் கணக்கு, கடன் ஒருவருடையது மட்டும்: மற்றவரும் தன் பணத்துக்குத் தனியாகக் கோரிக்கை கொடுக்கலாம். கலிபோர்னியாவில் கல்யாணத்துக்கு முந்தைய கடன் என்றால், கடன்பட்டவர் கை வைக்க முடியாத தனிக் கணக்கில் மற்றவர் போடும் சம்பளத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அதே பணம் கூட்டுக் கணக்கில் கலந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

## எந்த வழியானாலும்

விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ ஆபத்து வருமா என்ற பயத்தில் கேட்ட தொகையை அப்படியே கொடுப்பவர்கள் நிறைய. இது சிவில் தீர்ப்பு; கடன் கட்டாததற்காகக் கைது கிடையாது. ஆனால் சொத்து விவரம் கேட்டுக் கோர்ட் அனுப்பும் உத்தரவுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அது நீதிமன்ற அவமதிப்பாகும், அதற்கு வாரன்ட் வரலாம். அப்படி ஒரு தாள் வந்தால் கெடுவுக்குள் உண்மையாக நிரப்பி அனுப்புங்கள்.

பணம் விடுபட்டதும் வங்கியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஹோல்டு முழுவதும் நீக்கப்பட்டதா, முடக்கக் கட்டணம் திரும்ப வருமா. விலக்கு உள்ள பணத்தை முடக்கியது வங்கியின் தவறு என்றால் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். தீர்ப்பு ரத்தானாலோ தீர்க்கப்பட்டாலோ கோர்ட் முத்திரையிட்ட நகல் இரண்டு வாங்கி வையுங்கள். அதே கடனை இன்னொருவர் வாங்கியதாகச் சொல்லிக்கொண்டு வரும் நாளில் காட்ட அந்த ஒரு தாள்தான் கையில் இருக்கும்.